கம்பியில்லாக் காவல் மணி

விடியுமுன் எழுந்து, மரம் சீவி, மங்கில் உறைந்த கட்டிப்பாலைச் சேர்த்துக் கொட்டகையில் வைக்கிறோம். அதை ஒரே இரவில் கள்வர் கொண்டு போவாராயின், பல நாள் உழைப்பு வீணாகின்றது. கெடா மாநிலத்தில் கூலிம், பாலிங், சீக் வட்டாரங்களில் சிறு தோட்டம் வைத்திருப்போருக்கும், தோட்டங்களில் வேலை செய்வோருக்கும் இக்கவலை புதிதன்று. கொட்டகையில் ஆள் நடமாட்டம் கண்டவுடன் வீட்டில் மணி ஒலித்தால் எவ்வளவு நலம்! அத்தகைய கருவியைச் செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

கம்பி ஏன் வேண்டாம்?

கொட்டகையிலிருந்து வீடு வரை கம்பி இழுக்கலாம். ஆனால் எலி கடிக்கும்; மரக்கிளை முறிந்து விழுந்து அறுக்கும்; மின்னல் தாக்கினால் கம்பி வழியே வீட்டிற்குள்ளும் வரும். வானொலி அலைக்கு இத்தொல்லைகள் இல்லை. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அறிஞர் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். நாம் செய்யப்போவதும் அதே அடிப்படையில் அமைந்ததே.

உணரி செயற்படும் வகை

எச்.சி.-எஸ்.ஆர்.501 என்னும் அசைவு உணரி மின்னணுப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இது எவ்வொளியையும் வீசுவதில்லை. மனித உடலின் வெப்பத்திலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரையே உணர்கிறது. அதன் வெள்ளைக் குமிழ், எதிரிலுள்ள இடத்தைப் பல கூறுகளாகப் பிரிக்கும் வில்லை ஆகும். ஒருவர் ஒரு கூற்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும்போது உணரி மின்குறி தருகிறது. எனவே, நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் அறியும். ஏறத்தாழ 7 மீட்டர் தொலைவு வரை காணும்.

அனுப்பும் பகுதி

இதற்கு வேண்டியவை: உணரி, எச்.டி.12இ என்னும் குறியாக்கச் சில்லு, 433 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பிச் சிறு பலகை, பி.சி.547 டிரான்சிஸ்டர், 10 கிலோ ஓம், 1 மெகா ஓம் மின்தடைகள், 1.5 வோல்ட் மின்கலங்கள் நான்கு.

சில்லின் 14-ஆம் கால் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும்போதுதான் அது குறி அனுப்பும். உணரியோ அசைவைக் கண்டால் உயர்ந்த மின்னழுத்தம் தரும். இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கே டிரான்சிஸ்டர். உணரியின் வெளியீட்டை 10 கிலோ ஓம் வழியாக அதன் பேஸ் காலுக்கும், கலெக்டர் காலைச் சில்லின் 14-ஆம் காலுக்கும், எமிட்டர் காலை மின்கலத்தின் எதிர்முனைக்கும் இணைக்க. 15, 16-ஆம் கால்களுக்கு இடையே 1 மெகா ஓம் தடையை வைக்க. 17-ஆம் கால் ஒலிபரப்பியின் தரவு முனைக்குச் செல்லும். 18-ஆம் கால் நேர்முனைக்கும், 9-ஆம் கால் எதிர்முனைக்கும் உரியவை.

வான்கம்பியின் நீளத்தைக் கணக்கிடுவோம். 300-ஐ 433-ஆல் வகுத்தால் அலைநீளம் 0.693 மீட்டர். அதில் கால் பங்கு 17.3 சென்டிமீட்டர். அந்நீளத்திற்கு ஒரு கம்பித் துண்டை நிமிர்த்தி நிறுத்துக.

பெறும் பகுதி

வீட்டில் 433 மெகாஹெர்ட்ஸ் ஏற்பிப் பலகையும், எச்.டி.12டி சில்லும் இருக்கும். ஏற்பியின் தரவு முனையைச் சில்லின் 14-ஆம் காலுக்கு இணைக்க. 15, 16-ஆம் கால்களுக்கு இடையே 51 கிலோ ஓம் தடை வேண்டும். மின்முனைக் கால்கள் முன்போலவே. சரியான குறி வந்தால் 17-ஆம் கால் உயர்ந்த மின்னழுத்தம் தரும். அதை 10 கிலோ ஓம் தடை, மற்றொரு டிரான்சிஸ்டர் வழியாக 5 வோல்ட் ஒலிப்பானுக்குக் கொடுக்க. கைபேசி மின்னேற்றியே மின்சாரம் தரும்.

இரு சில்லுகளிலும் 1 முதல் 8 வரையுள்ள கால்களே முகவரி. சிலவற்றை எதிர்முனையோடு இணைத்து, பிறவற்றை வெறுமனே விடுக. இரண்டிலும் அமைப்பு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். 256 வகை அமைப்புகள் உள்ளமையால் அண்டை வீட்டார் கருவி நம் மணியை ஒலிக்கச் செய்யாதபடி தவிர்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

மின்கலம் இணைத்தபின் உணரி நிலைபெற ஒரு நிமிடம் ஆகும். அதன் நேரத் திருகைப் பத்து விநாடி அளவில் வைக்க. வெயில் படும் இடத்தையும் புகைக்கூடத்தையும் நோக்கி அதனை நிறுத்தற்க. பகல் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது அதன் கூர்மை குறையும். குளிர்ந்த இரவில் நன்கு இயங்கும். ஈர இலைகள் அலையைத் தளர்த்துமாதலால், மழை நாளிலும் ஒருமுறை தொலைவைச் சோதிக்க.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. மின்கலம் தீர்ந்துவிட்டால் இக்கருவி அதனை நமக்குச் சொல்லாது. கள்வர் வராத இரவும், கருவி இறந்த இரவும் ஒன்றுபோலவே அமைதியாக இருக்கும். ஆகவே மாலைதோறும் உணரியின் முன்னே ஒருவர் நடந்து, வீட்டில் மணி ஒலிக்கிறதா என்று பார்த்தபின்பே உறங்கச் செல்க.

ஒலிபரப்பியின் ஆற்றலைப் பெருக்கலாகாது. குறைந்த ஆற்றலுக்கு மட்டுமே அனுமதி உண்டு. வேலியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சுவதோ உயிரைப் பறிக்கும் செயல். அது கள்வனை மட்டுமன்று, நம் குழந்தையையும் கொல்லும்.

சீக், பாலிங் பக்கம் காட்டு யானை வரும் இடங்களுக்கு இக்கருவி போதாது. 7 மீட்டரில் யானையைக் கண்டு என்ன பயன்? தமிழ்நாட்டில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் யானை நடமாடும் செய்தியை மக்களே தெரிவிக்க, கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகள் எச்சரிக்கை தருகின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு 2011-இல் அம்முறையைத் தொடங்கியது. அங்கே கருவியோடு அண்டை அயலாரின் ஒற்றுமையும் சேர்ந்தே காவலாக அமைந்தது.

நம் மணியும் அவ்வாறே. அது எழுப்பத்தான் செய்யும், காப்பது நாமே. மணி ஒலித்தால் தனியே இருளில் ஓடாதீர்கள். விளக்கைப் போட்டு, அக்கம்பக்கத்தாரை அழைத்து, 999 எண்ணில் காவல் துறைக்குத் தெரிவியுங்கள். கட்டிப்பால் மீண்டும் சேரும். போன உயிர் திரும்பாது.