புது மைக் வாங்குறதுக்கு முன்னாடி இந்த 5 செட்டிங்கைப் பாருங்க



சம்பளத்தோட ஒரு சைடு இன்கமும் வேணும்னு வார இறுதியில ஆன்லைன்ல பாட்டு, வீணை சொல்லித் தர்றவங்க இருக்கீங்க. சத்தம் சரியா பதிவாகலைன்னதும் கை நேரா ஷாப்பிங் ஆப்புக்குப் போகுது. முதல் ரூபாய் வர்றதுக்கு முன்னாடியே 5,000 ரூபாய் செலவு! பல நேரம் கோளாறு மைக்ல இல்லை, செட்டிங்லதான்.

தஞ்சாவூர் வீணையையே எடுத்துக்குவோம். பலா மரத்துல செய்யுற வாத்தியம். 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது. தந்தியை மீட்டினா நாதம் சில விநாடி நின்னு மெல்ல அடங்கும். ரெக்கார்டிங்ல மட்டும் பாதியிலேயே அறுந்துபோகுதா? காரணம் 'நாய்ஸ் சப்ரஷன்'. பேச்சுக்காக உருவான வசதி இது. ஒரே சீரா நீடிக்கிற நாதத்தையும் ஃபேன் சத்தம் மாதிரி நினைச்சு வெட்டிடும். 20,000 ரூபாய் மைக் போட்டாலும் இதே கதைதான்.

விண்டோஸ் 11-ல வரிசையா பாருங்க:

1. எந்த மைக்?
செட்டிங்ஸ் > சிஸ்டம் > சவுண்ட் > இன்புட். நீங்க சொருகின மைக்குக்குப் பதிலா லேப்டாப் மைக்கோ வெப்கேம் மைக்கோ தேர்வாகி இருக்கலாம்.

2. அனுமதி
சத்தமே வரலையா? 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில மைக்ரோஃபோன் ஆன்ல இருக்கணும்.

3. ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்
இன்புட்ல உங்க மைக்கைக் கிளிக் பண்ணி இதை ஆஃப் பண்ணுங்க. ஜூம்ல வகுப்பு எடுத்தா 'ஒரிஜினல் சவுண்ட்' ஆன் பண்ணுங்க.

4. லெவல்
இலவசமா கிடைக்கிற ஆடாசிட்டியில 30 விநாடி பதிவு பண்ணுங்க. உச்சம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபெலுக்குள்ள இருந்தா நல்லது. 0-வைத் தொட்டா சத்தம் பிசிறடிக்கும். அப்புறம் முழுசா சரிபண்ண முடியாது.

5. புளூடூத்
புளூடூத் ஹெட்செட்டோட மைக்கைப் பயன்படுத்தினா தரம் போன் கால் அளவுக்கு இறங்கிடும். வயர் வச்ச ஹெட்செட் போதும்.

டெல்டா புழுக்கத்துல ஃபேனை நிறுத்த முடியாதே? மைக்கைக் கிட்ட வைங்க. தூரத்தைப் பாதியாக்கினா உங்க சத்தம் சுமார் 6 டெசிபெல் கூடும். ஃபேன் சத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். செலவு பூஜ்யம்.

இந்த ஐந்தும் பார்த்த பிறகு, அதே 30 விநாடியை உங்க மொபைல்லயும் பதிவு பண்ணிக் கேளுங்க. மொபைல் பதிவு தெளிவா இருந்தா, கம்ப்யூட்டர் மைக்கை மாத்துறதுல அர்த்தம் இருக்கு. அப்பவும் இ.எம்.ஐ. வேண்டாம். மாணவர்கள் தர்ற முதல் மாசக் கட்டணத்துல வாங்குங்க. தொழிலுக்கான கருவியைத் தொழிலே வாங்கித் தரட்டும்.