இளைஞர் வழிகாட்டியின் இரவுக் கொப்பி

எமது பங்குகளிலே கூலி எதுவும் பெறாமல் உழைப்போர் பலர் உளர். அவர்களுள் இளைஞர் மன்றங்களை நடத்தும் அண்ணாமாரும் அக்காமாரும் தனி வகையினர். பகலில் ஒருவர் பாடசாலையில் படிப்பிப்பார்; ஒருவர் கடையில் கணக்கெழுதுவார்; இன்னொருவர் மீன்வாடியில் நிற்பார். மாலையானதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவில் வளவுக்கு வந்துவிடுவர். தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சி, மார்கழியில் ஒளிவிழா, திருநாளுக்கு முன் சிரமதானம், இடையிலே கரப்பந்தாட்டப் போட்டி என்று ஆண்டு முழுவதும் அவர்களுக்கு வேலை இருக்கும்.

யாவும் நன்றே. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. இரவு வீடு திரும்பும் அந்த வழிகாட்டி, படுக்கைக்குப் போகுமுன் அன்றைய நாளைப்பற்றி என்ன நினைக்கிறார்? எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவாயிற்று, சொன்ன வேலையைச் செய்யாதவர் யார் என்று மட்டும் நினைத்தால், அவர் நல்ல நிர்வாகி. இன்று யாரைச் சந்தித்தேன், அவருடைய உள்ளத்தில் என்ன நடக்கிறது, அவருக்காக ஆண்டவர் என்னிடம் என்ன கேட்கிறார் என்றும் நினைத்தால், அவர் அப்போஸ்தலர்.

இந்த வேறுபாடு சிறிதன்று. நன்கு தொடங்கிய மன்றங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் சோர்ந்து போவதையும், உற்சாகமாக உழைத்தவர்களே மனங்கசந்து ஒதுங்கிக்கொள்வதையும் நாம் காண்கிறோம். பணமில்லை, நேரமில்லை என்று காரணம் சொல்லப்படும். நின்று சிந்திக்கும் பழக்கம் இல்லாமற் போனதே பல இடங்களில் மெய்யான காரணம்.

அப்போஸ்தலர் கொடுத்த கணக்கு

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். இயேசு பன்னிருவரையும் இருவர் இருவராக அனுப்புகிறார். அவர்கள் போய் மனந்திரும்புதலைப் போதித்தார்கள், பேய்களை ஓட்டினார்கள், நோயாளருக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள். திரும்பி வந்ததும் ஆண்டவரிடம் கூடி, தாம் செய்தவை கற்பித்தவை அனைத்தையும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆண்டவர் உடனே அடுத்த ஊருக்குப் போகச் சொல்லவில்லை. வருவோரும் போவோருமாக இருந்தமையால் உண்பதற்கும் நேரமற்றிருந்த அவர்களைத் தனிமையான ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொல்கிறார்.

ஆனால் அந்த ஓய்வும் முழுமையாகக் கிடைக்கவில்லை. மக்கள் கரைவழியாக ஓடிவந்து முந்திக்கொண்டார்கள். அவர்களைக் கண்ட இயேசு சினங்கொள்ளவில்லை. ஆயனில்லா ஆடுகளைப் போலிருந்த அவர்கள்மீது மனமிரங்கினார். சீடர் கண்டது கூட்டத்தை. ஆண்டவர் கண்டது மனிதரை. வழிகாட்டியின் நாளாந்த சிந்தனை எதற்காக என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஆண்டவருடைய கண்களைச் சிறிது நேரம் கடன் வாங்கி, அன்று சந்தித்தவர்களை மீண்டும் ஒரு முறை பார்ப்பதே அந்தச் சிந்தனை.

கர்தினால் கார்டைன் காட்டிய வழி

இதற்கு ஓர் எளிய முறையை வகுத்துத் தந்தவர் பெல்ஜியம் நாட்டின் யோசேப் கார்டைன். 1882ஆம் ஆண்டு பிறந்த இவர் சாதாரண தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. இவர் குருமடம் சென்ற காலத்தில், கூடப்படித்த தோழர்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். விடுமுறைக்கு வீடு வந்தபோது அவர்கள் இவரை அந்நியராகப் பார்த்தார்கள். திருச்சபைக்கும் தொழிலாளருக்கும் இடையே இப்படியொரு சுவர் எழுந்திருப்பது அவருடைய இளம் உள்ளத்தை வாட்டியது. 1903இல் தந்தையார் இறந்தபோது, தம் வாழ்வைத் தொழிலாளருக்கே கொடுப்பதாக உறுதி செய்துகொண்டார்.

1906இல் குருவானார். 1912இல் பிரசெல்ஸ் நகரை அடுத்த லாக்கன் பங்குக்கு உதவிக்குருவாக வந்து, தொழில் செய்யும் இளம்பெண்களையும் பையன்களையும் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்தார். அவர்களுக்கு நீண்ட பிரசங்கம் செய்வதைவிட, வேலைத்தலத்தில் கண்டதைக் கொண்டுவந்து சொல்லும்படி கேட்பதே அவருடைய வழக்கம். வேலைக்குப் போகும் நேரம் எது, கூலி எவ்வளவு, மேற்பார்வையாளன் எப்படிப் பேசுகிறான், புதிதாய் வந்த பிள்ளைக்குத் துணை யார்? இந்த விபரங்களிலிருந்தே செபமும் செயலும் பிறந்தன. 1925இல் கிறிஸ்தவ தொழிலாள இளைஞர் இயக்கம் முறையாக நிறுவப்பட்டது. பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அதை மனமார ஆதரித்தார்.

பார்த்தல், தீர்மானித்தல், செயற்படல் என்பன அந்த முறையின் மூன்று படிகள். நடப்பதை உள்ளபடி பார்க்க வேண்டும். நற்செய்தியின் ஒளியில் அதை எடைபோட வேண்டும். நம்மால் இயன்ற ஒரு செயலைச் செய்ய வேண்டும். 1961இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் தமது சமூகத் திருமடலில் இம்முறையைத் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணிபற்றிய ஏட்டில், இளைஞருக்கு முதல் அப்போஸ்தலர் இளைஞரே எனப் படிப்பித்தது. அதே ஆண்டில் கர்தினாலாக உயர்த்தப்பட்ட கார்டைன் 1967ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

அச்சுக்கோக்கும் இளைஞன் ஒருவன்

இந்த முறை ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு மார்செல் கல்லோ சாட்சி. 1921இல் பிரான்ஸ் நாட்டின் ரென் நகரில், ஒன்பது பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதளவில் அச்சகமொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்குள்ள பேச்சும் பழக்கமும் பையனைத் திணறடித்தன. கார்டைனின் இயக்கம் அவரைத் தாங்கிக்கொண்டது. காலப்போக்கில் அவரே தம் ஊர்க்குழுவின் தலைவருமானார். அவர் குருவானவருமல்லர், துறவியுமல்லர். திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளி.

இரண்டாம் உலகப்போரில் பிரான்சைக் கைப்பற்றிய ஜேர்மனியர், இளைஞரைக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். 1943 மார்ச் 8ஆம் திகதி ரென் நகர்மீது குண்டுகள் விழுந்தன. மார்செலின் தங்கை ஒருத்தி இடிபாடுகளுக்குள் இறந்தாள். அந்தத் துயரம் ஆறுமுன், மார்ச் 19ஆம் திகதி அவர் ஜேர்மனிக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. மறுத்தால் குடும்பத்தவர் துன்புறுவர். எனவே, தோழர்களிடையே ஒரு மறைபரப்பாளராகவே போகிறேன் என்ற மனத்துடன் சென்றார்.

செல்லா-மேலிஸ் என்ற ஊரிலிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. அவ்வூரில் கத்தோலிக்க ஆலயமில்லை. வீட்டை நினைத்து ஏக்கம். தங்கையை இழந்த வேதனை. ஏறக்குறைய இரண்டு மாதம் அவர் மனமுடைந்து கிடந்தார். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அதை அவர் மறைக்கவில்லை. பின்னர் அந்தக் கடிதங்களிலேயே ஒரு திருப்பம் வருகிறது. இந்தச் சோர்வுக்குள் அமிழ்ந்திருப்பது நல்லதல்ல, தோழர்களைக் கவனித்தால் மகிழ்ச்சி திரும்பி வரும் என்று கிறிஸ்துவே தமக்கு உணர்த்தியதாக எழுதினார்.

அதன் பின்பும் அவரைச் சூழ்ந்திருந்த நிலைமை மாறவில்லை. அவர் பார்வைதான் மாறியது. தம்மைப் போலவே சோர்ந்திருந்த மற்ற இளைஞரைக் கண்டார். சீட்டாட்டம், விளையாட்டுக் குழு, நாடகம் என்று அவர்களைச் சேர்த்தெடுத்தார். தலைவலியாலும் பல்வலியாலும் வருந்தியபோதும் நாடகத்தை விடவில்லை. ஞாயிறு திருப்பலி நடக்கும் ஓர் அறையைக் கண்டுபிடித்துத் தோழரை அழைத்துப் போனார். மாதமொருமுறை பிரெஞ்சு மொழியில் திருப்பலி நடக்கவும் ஒழுங்கு செய்தார்.

இதுவே குற்றமாயிற்று. 1944 ஏப்ரில் 19ஆம் திகதி இரகசியப் பொலிசார் அவரைப் பிடித்தார்கள். காரணம் கேட்டபோது, அவர் அளவுக்கு மிஞ்சிய கத்தோலிக்கன் என்பதே வந்த பதில். கோத்தா சிறையில், இரகசியமாகக் கொண்டுவரப்பட்ட நற்கருணையை உட்கொண்டார். பின்னர் மௌத்தௌசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, பசியாலும் நோயாலும் 1945 மார்ச் 19ஆம் திகதி, தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பர் திருநாளன்று உயிர்நீத்தார். வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் சரியாக இரண்டு ஆண்டுகள், வயது 23. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1987 ஒக்டோபர் 4ஆம் திகதி அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

நாடகம் போட்டதும் விளையாட்டு நடத்தியதும் எமது மன்றங்களிலும் நடப்பவையே. அவற்றின் பின்னால் இருந்த பார்வையே மார்செலை முத்தராக்கியது.

பத்து நிமிடம், மூன்று வரி

இதை நாம் எவ்வாறு செய்வது? ஒரு சாதாரண கொப்பியும் பேனையும் போதும். இரவுச் செபத்துக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தூய ஆவியை அழைத்து, அன்று சந்தித்த ஒருவரை மனக்கண்முன் நிறுத்துங்கள். மூன்று வரிகள் எழுதுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மன்றத்துப் பையன் ஒருவன் மூன்று ஞாயிறு கூட்டத்துக்கு வரவில்லை. “அவனுக்கு அக்கறையில்லை” என்று எழுதினால் அது பார்த்தலாகாது, அது தீர்ப்பு. அவன் வீட்டில் யார் யார், தகப்பன் என்ன தொழில், காலையில் அவன் எங்கே போகிறான் என்று விசாரித்தால், தகப்பன் சுகமில்லாமற் கிடப்பதும், பையன் விடியற்காலையில் வலை தெரிக்கப் போவதும் தெரியவரலாம். இது முதல் வரி.

இரண்டாம் வரியில், ஆண்டவர் இதை எப்படிப் பார்ப்பார் என்று கேளுங்கள். குடும்பத்தைத் தாங்கும் அந்தப் பையன் மன்றத்தைப் புறக்கணித்தவனல்லன். மன்றமே அவனைக் காணாமல் விட்டது என்பது அப்போது புலப்படும்.

மூன்றாம் வரி செயல். அது சிறியதாயும் நாளைக்கே செய்யக்கூடியதாயும் இருக்கட்டும். நாளை மாலை அவன் வீட்டுக்குப் போவேன். கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றலாமா என்று மற்றவர்களிடம் கேட்பேன். இவ்வளவே. மறுநாள் இரவு, எழுதியபடி செய்தேனா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

நான்கு எச்சரிக்கைகள்

முதலாவது, இந்தக் கொப்பி தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் சாட்டையாகக் கூடாது. குறையைக் கண்ட இடத்தில் மன்னிப்புக் கேட்டு, நன்மையைக் கண்ட இடத்தில் நன்றி சொல்லி மேலே செல்லுங்கள். நன்றி சொல்ல ஒன்றுமில்லாத நாள் இல்லை.

இரண்டாவது, அது பிறர் குற்றங்களின் பதிவேடாகவும் கூடாது. இளைஞர் நம்பிச் சொன்ன இரகசியங்களைப் பெயரோடு எழுதி வைக்காதீர்கள். கொப்பி யார் கையிலும் அகப்படலாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் தனியே சுமக்க முயலாதீர்கள். ஒரு பிள்ளை யாராலேனும் துன்புறுத்தப்படுவதாக அறிந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்தாலோ, அதை மனதுக்குள் பூட்டி வைப்பது இரகசியம் காத்தலாகாது. அன்றைக்கே பொறுப்பும் நம்பிக்கையும் உள்ள பெரியவரிடமும், வேண்டிய இடத்தில் வைத்தியரிடமும் உரிய அதிகாரிகளிடமும் கொண்டுசெல்லுங்கள். உதவி தேடுவதும் அன்பின் செயலே.

நான்காவது, இளைப்பாறுங்கள். ஆண்டவரே தம் சீடரை இளைப்பாறச் சொன்னார். வாரத்தில் ஒரு மாலையை வீட்டாருக்குக் கொடுக்கும் வழிகாட்டி, மற்ற மாலைகளில் நன்றாக உழைப்பார்.

பெற்றோரே, உங்களுக்கும்

உங்கள் மகனோ மகளோ கோவில் வேலை என்று பிந்தி வரும்போது, “வீட்டு வேலை செய்ய ஆளில்லை, ஊர் வேலைக்கு மட்டும் நேரமிருக்கு” என்று சொல்லத் தோன்றும். அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் சாப்பாட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டு, “இண்டைக்கு யாரைச் சந்திச்சாய், பிள்ளை?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மார்செல் தம் சோர்வை எழுதுவதற்கு ஒரு வீடு இருந்தது. வாசிப்பதற்கு ஒரு குடும்பம் இருந்தது. குடும்ப செபமாலையின் ஒரு பத்து மணியை அந்தப் பிள்ளை பெயர் சொல்லும் இளைஞருக்காக ஒப்புக்கொடுங்கள். அப்போது மன்றத்தின் பணி வீட்டின் பணியுமாகும்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது மன்றத்துக்கு முன்பு வந்து இப்போது வராதவர் யார் யார்? அவர்கள் வராததன் காரணத்தை விசாரித்து அறிந்தோமா, ஊகித்துக்கொண்டோமா?

2. கடந்த ஒரு மாதத்தில் நாம் நடத்திய நிகழ்ச்சிகளில் எது ஒருவருடைய வாழ்வைத் தொட்டது? எது வெறும் நிகழ்ச்சியாக முடிந்தது?

3. மார்செல் சோர்விலிருந்து எழுந்த விதம் இன்று எம்முள் யாருக்குத் தேவைப்படுகிறது?

4. வருகிற ஞாயிறுக்குள் நாம் செய்யப்போகும் ஒரு சிறு செயல் எது? அதைச் செய்பவர் யார்?

நான்காம் கேள்விக்கு விடை எழுதாமல் கூட்டத்தை முடிக்க வேண்டாம்.