இடைக்கால உத்தரவுதானே என்று இருந்துவிடாதீர்கள்

கேள்வி: லண்டனில் இருந்த என் மகள், கணவரோடு ஒத்துப்போகாமல் ஆறு வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு நான்கு மாதங்களுக்கு முன் திருச்சிக்கு வந்துவிட்டாள். குழந்தையை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டோம். இப்போது மருமகன் அங்குள்ள நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி அனுப்பியிருக்கிறார். குழந்தையைத் திரும்ப அழைத்துவர வேண்டுமாம். "அது வெறும் இடைக்கால உத்தரவு, இந்தியாவில் செல்லாது, பேசாமல் இருங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். பேசாமல் இருக்கலாமா?
- ஒரு தாத்தா, திருச்சி

பதில்: இருக்கக் கூடாது, ஐயா. உறவினர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. மற்ற பாதி உங்கள் மகளைச் சிக்கலில் மாட்டிவிடும்.

முதலில் அந்த உத்தரவை முழுக்க வாசியுங்கள். மீறினால் சிறையோ அபராதமோ வரலாம் என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் மேற்கொண்டு வாசிப்பதில்லை. அடுத்த விசாரணை எந்தத் தேதியில் என்பதும், உத்தரவை மாற்றவோ நீக்கவோ கேட்டு மனுச் செய்யலாம் என்பதும் பொதுவாக உள்ளே இருக்கும். உங்கள் மகளைக் கேட்காமலே பிறப்பித்த உத்தரவு என்றால், அவர் நுழைய வேண்டிய வாசல் அதுதான். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நீதிபதி இன்னும் முடிவு செய்யவில்லை. விசாரித்து முடிக்கும்வரை குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்லியிருக்கிறார்.

பெற்றோரில் ஒருவர் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை முறைகேடாக வேறு நாட்டுக்கு அழைத்துச் சென்றால் விரைந்து திருப்பி அனுப்ப, 1980-இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. பிரிட்டன், சிங்கப்பூர், இலங்கை எல்லாம் அதில் உண்டு; இந்தியா இல்லை. அதனால் லண்டன் உத்தரவு இங்கே தானாகச் செல்லாது. ஆனால் உங்கள் மருமகன் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். அங்கே அந்த உத்தரவு நீதிபதியின் மேசைக்கு வந்துவிடும்.

நம் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பிரிட்டனிலிருந்து இரண்டு மகள்களுடன் 2012-இல் ஒரு தாய் அங்கே வந்தார். குழந்தைகளைத் திருப்பி அழைத்துவரச் சொல்லி பிரிட்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2015 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம், முதலில் உத்தரவிட்ட நீதிமன்றத்தை மதிக்க வேண்டும் என்று சொல்லி, குழந்தைகள் பிரிட்டனுக்குப் போக வழிசெய்தது. தாய்க்கான விமானக் கட்டணம், தனி வீடு, பராமரிப்புத் தொகை எல்லாம் தந்தையின் பொறுப்பு என்றும் சொன்னது.

2017 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த 'முந்தியவருக்கே முதலிடம்' நிலையை ஏற்கவில்லை. குழந்தையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று என்று தீர்ப்பளித்தது. இதய நோய் இருந்த, அந்த வழக்கின் சிறுமி தாயுடன் இந்தியாவிலேயே இருக்க அனுமதி கிடைத்தது. ஆனால், செலவைத் தந்தை ஏற்றால் லண்டன் வழக்கில் தாய் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இங்கே வென்ற தாய்க்கே அந்த நிபந்தனை, ஐயா!

ஆகவே லண்டனில் உடனே ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, வாய்தாவுக்கு முன்பே பதில் மனுவைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். இங்கும் குடும்பநல வழக்குகளில் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள். அடி, மிரட்டல் இருந்திருந்தால் மருத்துவக் குறிப்பு, குறுஞ்செய்தி, போலீஸ் புகார் எதையும் விடாமல் திரட்டுங்கள். அதைக் கேட்காமல் எந்த நீதிமன்றமும் முடிவெடுக்கக் கூடாது. திரும்பிப் போகத்தான் வேண்டுமென்றால் டிக்கெட், தனி வீடு, செலவுப் பணம், கைது நடவடிக்கை இல்லை என்ற உறுதி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். குழந்தையை வேறு ஊருக்கு மாற்றி ஒளித்து வைக்க மட்டும் நினைக்காதீர்கள். அது நாளை உங்கள் மகளுக்கு எதிராகவே பேசும்.

பெற்றோர் வெவ்வேறு நாடுகளில் இருந்த ஒரு வழக்கில், பிள்ளையைப் பிரிந்திருக்கும் பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது அதனோடு பேச வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம். மருமகன் மேல் எவ்வளவு வருத்தம் இருந்தாலும், இன்று மாலை பள்ளி விட்டு வந்ததும் பேத்தியை அவள் அப்பாவோடு பேச வையுங்கள்.