வெள்ளைப்படுதல்: எது இயல்பு, எது நோய்?

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இந்த விஷயத்தை யாரும் நேராகச் சொல்வதில்லை. ‘உடம்பு சூடாயிருச்சு’, ‘வெட்டை’, ‘எலும்பு உருகி வடியுது’ என்று சுற்றி வளைத்துத்தான் பேச்சு வரும். மிளகாய்ப் பழம் பறித்துவிட்டு வரும் அக்காவுக்கும், ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் நமக்கும் ஒரே வைத்தியம்: வெந்தயம் ஊறவைத்துத் தின்னு, இளநீர் குடி. தின்னலாம், குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் எலும்பு எதுவும் உருகவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், தோழிகளே.

கர்ப்பப்பை வாயில் சுரக்கும் சளி, பிறப்புறுப்புப் பாதையின் சுவரில் கசியும் நீர், உதிர்ந்த பழைய செல்கள் ஆகியவை கலந்து வெளியே வருவதுதான் வெள்ளை. பாதை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் ஏற்பாடு இது. வயதுக்கு வருவதற்குச் சில மாதம் முன்பே தொடங்கிவிடும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்கும். மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் நடுவில், கருமுட்டை வெளியாகும் சமயத்தில், முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக நூல் இழுக்கும். பிறகு கெட்டியாகி வெண்மையாகும். துணியில் காய்ந்தபின் லேசான மஞ்சளாகத் தெரிந்தாலும் பயமில்லை.

இனி கொஞ்சம் கெமிஸ்ட்ரி. அந்தப் பாதைக்குள் லாக்டோபாசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஜெர்மன் மருத்துவர் டோடர்லீன் 1892-இல் இவற்றை விவரித்தார். நம் வீட்டுத் தயிரில் இருக்கும் கூட்டத்துக்கு இவை சொந்தக்காரர்கள்! உதிரும் செல்களில் உள்ள கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளிலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. அதனால் உள்ளே பி.ஹெச். 3.8-லிருந்து 4.5 வரை, தக்காளிச் சாறு அளவுக்குப் புளிப்பு. இந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் தலைதூக்க முடியாது. குளியல் சோப்பின் பி.ஹெச். 9, 10 என்று போகும். ஒரு படிக்குப் பத்து மடங்கு என்பது நமக்குத் தெரியும். 4.5-க்கும் 9.5-க்கும் ஐந்து படி என்றால் ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்! சுத்தம் என்று நினைத்து சோப்பையும் கிருமிநாசினித் தண்ணீரையும் உள்ளே விட்டுக் கழுவுகிறவர்கள் காவல்காரனைத்தான் விரட்டுகிறார்கள். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

நோய் என்றால் வெள்ளையின் நிறமும் வாடையும் மாறும். சாம்பல் நிறத்தில் தண்ணீராக வந்து மீன் வாடை அடித்தால் பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டிருக்கலாம். திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக வந்து கடும் அரிப்பு இருந்தால் அது பெரும்பாலும் காண்டிடா என்ற பூஞ்சை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் இது சுலபமாக வரும். பச்சை கலந்த மஞ்சளாக, நுரையோடு வந்தால் டிரைகோமோனாஸ். இது உடலுறவு மூலம் தொற்றுவது. ஆண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. ஆகவே கணவன், மனைவி இருவருமே மாத்திரை சாப்பிட வேண்டும். (மாணவ நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்; இந்த வரி உங்களுக்கும்தான்.) மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தோழிக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுவது வீண். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

‘வெள்ளை படுது, அதான் அசதி’ என்கிறோமே, அந்தக் கணக்கும் சரியில்லை. கோவாவில் பெண்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தப் புகார் கிருமித் தொற்றைவிட மனச்சோர்வோடும் உடல் அசதியோடும்தான் அதிகம் ஒட்டியிருந்தது. அசதிக்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம், வீட்டுக் கவலை காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது நல்லது.

அதற்காக எல்லாம் மனசுதான் என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 1996-97-இல் 16 முதல் 22 வயது வரையுள்ள மணமான பெண்கள் 451 பேரை ஆராய்ந்தார்கள். நம் வயதுதான்! 100-க்கு 53 பேர் ஏதோ ஒரு பெண்நோய் அறிகுறி சொன்னார்கள். லேப் சோதனையில் 38 பேருக்குத் தொற்று தெரிந்தது. அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. ஏன்? பெண் டாக்டர் இல்லை, மறைவிடம் இல்லை, தூரம், செலவு, ‘இது எல்லாருக்கும் இருக்கறதுதானே’ என்ற எண்ணம். இதில் ஒன்றாவது நமக்குப் புதுசா? தொற்றை வளரவிட்டால் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தைப்பேறே தடைப்படலாம். பிறகு ஊர் யாரைப் பழிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா!

நம் பூமியில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் உள்ளாடையையும் மாதவிலக்குத் துணியையும் சேலைக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால், இருட்டில்தான் காயப்போடுகிறோம். ஈரம் போகாத துணி பூஞ்சைக்கு வசதி. நல்ல வெயிலில் போடுங்கள், பார்க்கிறவர் பார்க்கட்டும். பருத்தி உள்ளாடை போதும், இறுக்கம் வேண்டாம். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும்.

இன்னொன்று நம் அம்மாக்களுக்கு. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலோ, நாற்றத்தோடு ரத்தம் கலந்து வெள்ளை வந்தாலோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெண்திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஆபரேஷன் இல்லை, மயக்க ஊசி இல்லை. அம்மா தனியாகப் போகக் கூச்சப்பட்டால் ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போய் வாருங்கள்.