நிவாரணம் வேறு, மீட்பு வேறு: தாமிரபரணி மணலில் ஒரு பாடம்



வெள்ளம் வந்தால் அரிசி, பாய், போர்வை கொடுக்கிறோம். கோடையில் குழாய் வற்றினால் லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்கிறோம். இரண்டும் தேவையான உதவிகள்தாம், நன்மையான செயல்கள்தாம். ஆனால் ஒரே ஆற்றங்கரை மக்களுக்கு ஓர் ஆண்டு வெள்ள நிவாரணமும் மற்றோர் ஆண்டு வறட்சி நிவாரணமும் ஏன் தேவைப்படுகிறது என்று நாம் உட்கார்ந்து பேசியதில்லை. இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓர் அமர்வில் வாசித்துப் பேசும்படி எழுதியிருக்கிறோம்.

மணல் செய்யும் வேலை

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடுகிறது. பிறப்பது முதல் கடலில் கலப்பது வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் வற்றாத ஆறு. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இதன் நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடுகின்றன. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலுக்கும் குடத்துக்கும் இதுவே ஆதாரம்.

ஆற்றில் கண்ணுக்குத் தெரிந்து ஓடுவது மட்டும்தான் தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. மணலுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நாம் வீடு கட்ட வாங்கும் ஒரு யூனிட் மணல் 100 கன அடி, அதாவது சுமார் 2,800 லிட்டர் அளவுள்ள குவியல். அது ஆற்றில் கிடந்தபோது 900 லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்க முடியும். வெயில் அந்தத் தண்ணீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகள் இந்தச் சேமிப்பிலிருந்துதான் ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கின்றன. மணல் ஊடாக இறங்கும் நீர் வடிகட்டப்பட்டும் வருகிறது.

அள்ளிய பிறகு நடப்பது

மணலை அளவுக்கு மீறி அள்ளினால் ஆற்றின் தரை தாழ்கிறது. தரை தாழ்ந்தால் ஆற்று நீர்மட்டமும் தாழ்கிறது. கரையோரக் கிணறுகளின் மட்டம் அதைத் தொடர்ந்து இறங்குகிறது. கால்வாய்த் தலைமதகு மேலே நிற்க, தண்ணீர் கீழே ஓடுகிறது. பாலத்தின் அடித்தூண்கள் வெளியே தெரிகின்றன. வேர்ப்பிடிப்பு இழந்த கரை, வெள்ளத்தில் சரிகிறது. கடல் அருகே உள்ள பகுதியில் நன்னீரின் அழுத்தம் குறைய, உப்புநீர் உள்ளே ஏறுகிறது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களும் ஏரல் வட்டார வாழைத் தோட்டங்களும் நிற்கும் பூமி அது.

அடுத்த மழையில் மணல் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. மலையிலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி பாபநாசம், மணிமுத்தாறு போன்ற அணைகளின் பின்னால் தங்கிவிடுகிறது. கீழே வந்து சேர்வது கொஞ்சம். பல ஆண்டுகளில் மெல்லச் சேர்வது. ஓர் இரவில் அள்ளியதை ஆறு ஓர் ஆண்டில் திருப்பித் தராது.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தூர்வாருவதும் மணல் அள்ளுவதும் ஒன்றல்ல. அணைக்கட்டின் பின்னால் சேர்ந்து கொள்ளளவைக் குறைக்கும் வண்டலை எடுப்பது பராமரிப்பு. ஆற்றின் படுகையைத் தோண்டுவது அழிப்பு. முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவதைச் செய்கிறார்களா என்று பார்ப்பது ஊரின் பொறுப்பு.

தடையும் அதன் விலையும்

திருவைகுண்டத்தில் பிறந்த மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு, தாமிரபரணி மணற்கொள்ளைக்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றார். 2010-இல் நீதிமன்றம் இந்த ஆற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. எண்பதைக் கடந்த வயதில் ஒரு மனிதர் ஆற்றுக்காக நீதிமன்றப் படியேறினார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் திருட்டு நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தலைப் பற்றிக் காவல்துறையில் புகார் கொடுத்ததே காரணம். அந்த வழக்கில் இருவருக்கு அதே ஆண்டிலேயே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் காத்தது தம் சொத்தை அல்ல. நம் எல்லோருடைய சொத்தை.

ஆற்று மணல் கிடைக்காதபோது நாம் எம்-சாண்டுக்கு மாறினோம். அது மலையை உடைத்து அரைத்த பாறை. 2022 மே 14 இரவு, நெல்லையை அடுத்த அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஆற்றில் எடுத்ததை நிறுத்தி மலையில் எடுத்தால், காயம் இடம் மாறுகிறதே தவிர ஆறுவதில்லை. தேவைக்கு மேல் கட்டுவதும், நன்றாக நிற்கும் கட்டடத்தைப் பெருமைக்காக இடித்துப் புதிதாய்க் கட்டுவதும் இதில் சேரும். பள்ளிவாசல் கட்டடமும் இதற்கு விலக்கல்ல.

மாறிய மழை

2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளக்கரைகள் உடைந்தன. ஏரல், திருவைகுண்டம், ஆத்தூர் பகுதிகள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற ரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் திருவைகுண்டம் நிலையத்தில் நின்றது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் வெள்ளத்தில் நடந்துபோய் அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள்.

வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். கடல் சூடாகும்போது, பெய்தால் ஒரேயடியாகப் பெய்யவும் இடையில் நீண்ட நாள் பெய்யாமலிருக்கவும் வாய்ப்புக் கூடுகிறது. 95 சென்டிமீட்டர் மழையை எந்த ஆறும் சேதமில்லாமல் தாங்காது. அந்த வெள்ளம் முழுவதற்கும் மணல் அள்ளியதே காரணம் என்று சொல்வதும் நீதியாகாது. ஆனால் மணலும் வேர்ப்பிடிப்புள்ள கரையும் ஆழமான குளங்களும் இருக்கும் ஊர், கூடுதல் மழையில் குறைவாக இழக்கிறது. மழை இல்லாத ஆண்டில் அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது. மழை ஒழுங்கு தவறும் காலத்தில் அந்தச் சேமிப்பின் மதிப்பு கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

இழந்தவர்கள் யார்?

பத்தமடைப் பாயை உலகம் அறியும். அதை நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். ஈரமான கரையில் வளரும் கோரையை வெட்டி, பட்டுப்போன்ற மெல்லிய பாய்க்காக அதை ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைப்பது அந்தத் தொழிலின் முறை. ஆற்றங்கரையில் ஈரமும் ஓட்டமும் குறைந்து கரையைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டால் முதலில் கை ஓய்வது நெசவாளியினுடையது. அவர்களோடு கொடிக்கால் கூலியாட்கள், உள்நாட்டு மீனவர், துவைக்கும் தொழிலாளர் என்று ஆற்றை நம்பியவர்களும் சேர்ந்து இழக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மணல் அள்ளக் கூலிக்குப் போனவரும், கடன் வாங்கி லாரி ஓட்டியவரும், குவாரியில் கல் உடைத்தவரும் ஏழைகள்தாம். பெரும் லாபம் வேறு கைகளுக்குப் போனது. வேலை நின்றதும் தெருவில் நின்றவர்கள் இவர்கள். ஆறு மீள வேண்டும், இவர்கள் எப்படியும் போகட்டும் என்று சொல்வது மீட்பு ஆகாது. பசித்தவர் மீண்டும் இரவில் ஆற்றில் இறங்குவார்.

மீட்பு என்றால் என்ன?

நிவாரணம் இன்றைய பசியைத் தீர்க்கிறது. மீட்பு, அந்தப் பசி திரும்பி வராதபடி மண்ணையும் பிழைப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அதற்கு ஒரு வரிசை உண்டு.

முதலில், எடுப்பதை நிறுத்துதல். புண்ணைக் கிளறிக்கொண்டே மருந்து போட முடியாது.

இரண்டாவது, கரையைக் கட்டிப்பிடிக்கும் வேர்கள். நீர்மருது, நாவல், புங்கை, இலுப்பை, தாழை, நாணல், கோரை ஆகியவை இந்தக் கரைக்கு உரியவை. சீமைக்கருவேலத்தை வெட்டினால் அந்த இடத்தில் உடனே இவற்றை நட வேண்டும். வெறும் கரையாக விட்டால் அடுத்த மழை மண்ணைக் கொண்டுபோகும்.

மூன்றாவது, குளங்களும் வரத்துக்கால்களும். ஆற்றில் கூடுதலாக வரும் நீர் தங்குவதற்கு நம் முன்னோர் வைத்த இடம் குளம். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் இப்பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்களோடு கணக்கெடுக்கிறது. பறவை குறைந்த குளத்தில் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். நம் கல்லூரி மாணவர்கள் அதில் சேரலாம்.

நான்காவது, இழந்தவரின் பிழைப்பு. கேரளம் 2001-இலேயே ஆற்று மணலுக்கென்று தனிச் சட்டம் இயற்றி, மணல் வருவாயில் ஒரு பகுதி நதி மேலாண்மை நிதிக்குச் செல்ல வழி செய்தது. நம் நாட்டில் 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை ஏற்படுத்தியது. அந்த நிதியில் எவ்வளவு சேர்ந்தது, எந்த ஊருக்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிராமசபையில் தீர்மானம் போடலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். இது பிச்சை அல்ல, உரிமை.

நம் பணமும் நம் கைகளும்

தண்ணீரில் மக்கள் எல்லோரும் பங்காளிகள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கிய வரலாற்றை நம் குழந்தைகள் மதரசாவில் படிக்கிறார்கள். அர்ரூம் அத்தியாயத்தின் 41-ஆவது வசனத்தை ஜுமுஆ பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதனின் கையையே அது காரணமாகக் காட்டுகிறது; அவன் திரும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு முடிகிறது. திரும்புதலுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு பொருள், ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்தல்.

நிதி பற்றி ஒரு விளக்கம். ஜகாத், தவ்பா அத்தியாயத்தின் 60-ஆவது வசனம் சொல்லும் எட்டுப் பிரிவினருக்கு உரியது. கரையில் மரம் நடுவது, குளம் வெட்டுவது போன்ற பொதுப்பணிக்கு அதைச் செலவிட முடியாது என்பதே ஃபிக்ஹ் அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஆனால் வேலையிழந்து வறுமையிலும் கடனிலும் இருக்கும் கூலியாளும் நெசவாளியும் அந்த எட்டுப் பிரிவுக்குள் வருகிறார்கள். ஆகவே ஜகாத் மனிதருக்கு, ஸதகா ஜாரியா ஆற்றுக்கு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் தத்தம் இடத்தில் சேரும். தையல் இயந்திரமோ தறியோ பால்மாடோ வாங்கிக் கொடுத்து ஒரு குடும்பத்தை நிறுத்துவது, பத்து முறை அரிசிப்பை கொடுப்பதைவிட மேலானது.

அமர்வில் பேசுவதற்கு

1. நம் மஹல்லாவுக்குக் குடிநீர் எந்த உறைகிணற்றிலிருந்து வருகிறது? அதைச் சுற்றி மணல் இருக்கிறதா? இளைஞர்கள் போய்ப் பார்த்து வந்து சொல்லட்டும்.

2. பள்ளிவாசலிலும் திருமண மண்டபத்திலும் மழைநீர் சேகரிப்பு உண்மையில் வேலை செய்கிறதா? 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். ஒளுச் செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதா, மரத்துக்குப் போகிறதா?

3. கட்டட வேலைக்கு வரும் மணலின் ரசீதைக் கேட்டுப் பார்க்கிறோமா? ரசீதில்லாத மணலைப் பள்ளிவாசல் வேலைக்கு ஏற்பதில்லை என்று ஜமாஅத் தீர்மானிக்க முடியுமா?

4. மணல், குவாரி வேலையை விட்டவர்கள், கோரை கிடைக்காமல் நெசவை விட்டவர்கள் நம் தெருவில் எத்தனை குடும்பம்? பெயர்ப் பட்டியலை வெளியே சொல்லாமல் ஜகாத் கமிட்டியிடம் கொடுக்கவும்.

5. கரையோர ஊர்களில் ஆற்றங்கரை எல்லா மதத்தவருக்கும் பொது. மரம் நடும் நாளில் அடுத்த ஊர்க் கோயில், தேவாலயப் பெரியவர்களை யார் போய் அழைப்பது? வெள்ளத்தில் ரயில் பயணிகளின் மதத்தைக் கேட்டுப் புதுக்குடி மக்கள் சோறு போடவில்லை.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு மஹல்லாவும் இந்த ஐந்தில் ஒன்றையாவது முடித்து, செய்ததை முத்தவல்லி மூலம் எழுதி அனுப்ப வேண்டுகிறோம். நிவாரணப் பொருள்களும் எப்போதும்போல் தயாராக இருக்கும், இன்ஷா அல்லாஹ். அவற்றைக் குறைவாகக் கொடுக்க வேண்டிய காலம் வருவதற்கே இந்த உழைப்பு. அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.