பழைய பள்ளிக்கூடச் சுவரில் ஆணி அடிக்க முதல்

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோருக்கும், அங்கே தொண்டராக உதவி செய்பவர்களுக்கும், வேலை அனுமதி கிடைத்தால் கட்டட வேலைக்குப் போகலாம் என்று யோசிக்கும் தம்பிமாருக்கும் இந்த மாதப் பாடம். விஷயம் அஸ்பெஸ்ரஸ். புத்தகத் தமிழில் கல்நார் என்பார்கள்.

எங்களுக்கு இது புதுப் பெயர் இல்லை. ஊரில் கூரைக்குப் போடும் அஸ்பெஸ்ரஸ் சீற்றைத் தெரியாதவர் யார்? வாளால் அறுத்திருக்கிறோம், துளை போட்டிருக்கிறோம், உடைந்த துண்டைக் கோழிக்கூட்டுக்கு மறைப்பாக வைத்திருக்கிறோம். அதனால் பிரித்தானியாவில் இந்தப் பெயரைக் கேட்டதும் வேலையை நிறுத்துவதைப் பார்க்கும்போது, "இதுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்றுதான் முதலில் தோன்றும்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அஸ்பெஸ்ரஸ் பொருளை உடைத்தால், துளைத்தால், உரஞ்சினால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். மணம் இல்லை, கண் எரியாது, இருமலும் வராது. மூச்சோடு உள்ளே போன நார் நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளியே தெரிய 15 முதல் 60 வருடம் வரை எடுக்கலாம். நுரையீரல் புற்றுநோய் வரும். நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வரும். அதை முற்றாகக் குணப்படுத்த இன்னும் வைத்தியம் இல்லை. முன்பு சுவாசித்த அஸ்பெஸ்ரஸால் வருடத்துக்குச் சுமார் 5,000 பேர் இந்த நாட்டில் இறக்கிறார்கள் என்பது வேலைத்தளப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான எச்.எஸ்.ஈ.யின் கணக்கு. பிள்ளைகள் விஷயம் இன்னும் கவனத்துக்குரியது. ஒரே அளவு நாரைச் சுவாசித்தாலும், 30 வயதில் சுவாசித்தவரை விட 5 வயதில் சுவாசித்த பிள்ளைக்கு வாழ்நாளில் மீசோதீலியோமா வரும் ஆபத்து சுமார் 5 மடங்கு என்று அரசின் நிபுணர் குழு 2013இல் மதிப்பிட்டது.

இங்கே நீல, பழுப்பு வகைகள் 1985இலும், வெள்ளை வகை 1999 நவம்பரிலும் தடை செய்யப்பட்டன. ஆகவே 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய எந்தக் கட்டடத்திலும் இருக்கலாம் என்றே எடுக்கவேணும். 2019இல் கல்வித் திணைக்களம் இங்கிலாந்தில் எடுத்த கணக்கில், விபரம் கொடுத்த பாடசாலைகளில் ஐந்தில் நான்கில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. கூரைச் சீற் மட்டும் என்று நினைக்காதேங்கோ. சீலிங் ஓடு, அறை பிரிக்கும் பலகை, சுடுதண்ணீர்க் குழாயைச் சுற்றிய உறை, நிலத்து ஓடு, பழைய ரொயிலற் தண்ணீர்த் தொட்டி என்று எங்கும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல ஏலாது; ஆய்வுகூடத்தில் சோதித்தால்தான் தெரியும்.

அதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறிக்கத் தேவையில்லை. உடையாமல், பெயின்ற் பூசி மூடியபடி இருக்கும் அஸ்பெஸ்ரஸைத் தொடாமல் விட்டுக் கண்காணிப்பதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. தீங்கு கை வைக்கும்போதுதான் வருகிறது.

கை வைப்பது யார்? சில நேரம் நாங்கள்தான். வாடகைக்கு எடுத்த மண்டபம் ஒன்றில் கலைவிழாவுக்குத் திரை கட்ட, இரண்டு அண்ணைமார் சீலிங்கில் டிரில் போடத் தொடங்கினார்கள். இங்கே வந்து நாலு மாதமான ஒரு தம்பி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூசி அவர் தலையில் கொட்டியது. கட்டடப் பராமரிப்பாளர் ஓடிவந்து நிறுத்தியபோது ஆறு துளை போட்டாயிற்று. "கேட்டால் மண்டபம் தரமாட்டாங்கள் எண்டு நினைச்சம்" என்றார்கள் பிறகு. அந்தத் தம்பிக்கோ, கேட்டால் தன் கேஸுக்கு ஏதும் வரும் என்ற பயம். பாதுகாப்புப் பற்றிக் கேள்வி கேட்பது குற்றம் இல்லை. அகதி விண்ணப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

2012ஆம் ஆண்டின் அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கட்டடப் பராமரிப்புக்குப் பொறுப்பானவர் அஸ்பெஸ்ரஸ் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்திருக்கவேணும். அதைக் கிளறக்கூடிய எவருக்கும் அந்த விபரத்தைக் கொடுக்கவும் வேணும். கவுன்சில் நடத்தும் பாடசாலை என்றால் பொறுப்பு கவுன்சிலுக்கு. அக்கடமி என்றால் அதை நடத்தும் ட்ரஸ்றுக்கு. தமிழ்ச் சங்கம் மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்து, பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், பொறுப்பு சங்கத்துக்கே வரும். கையெழுத்துப் போடமுதல் அந்த வரியைத் தேடி வாசியுங்கோ.

கேட்கவேண்டிய வசனம் ஒன்றுதான்: "கென் ஐ சீ தி அஸ்பெஸ்ரஸ் றெஜிஸ்ரர் பிளீஸ்?" இதைப் பாடமாக்கி வையுங்கோ. பதிவேட்டைக் காட்டாவிட்டால் ஆணி அடிக்கவேண்டாம், படம் குத்தும் ஊசியும் வேண்டாம். படத்தைக் கயிற்றில் தொங்கவிடலாம்.

அடுத்தது பேர்மிட். இதில் எங்கட ஆட்கள் குழம்புவது அதிகம். வகுப்பறை பெருக்கச் சுவரை உடைப்பது, மேல்தளம் போடுவது போன்றவற்றுக்கு இங்கிலாந்தில் இரண்டு அனுமதி தேவைப்படலாம். பிளானிங் பேர்மிஷன் கட்டடத்தின் தோற்றத்தையும் பாவனையையும் பார்ப்பது. பில்டிங் றெகுலேஷன் அனுமதி பலம், தீப்பாதுகாப்பு போன்றவற்றைப் பார்ப்பது. ஸ்கொட்லாந்தில் இந்த இரண்டாவதுக்கு பில்டிங் வொறன்ற் என்று பெயர். கட்டடச் சொந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் வேறு. இவையெல்லாம் கையில் இருந்தாலும் அஸ்பெஸ்ரஸ் பார்த்தாயிற்று என்று அர்த்தம் இல்லை. உடைக்கும் இடத்தில் அதற்கென்று தனியான ஆய்வு செய்யவேணும். சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் திறந்து பார்க்கும் ஆய்வு அது. சாதாரண பதிவேடு அதற்குப் போதாது. "கவுன்சில் ஓம் எண்டிட்டுது, உடை" என்று யாரும் சொன்னால், ஆய்வு அறிக்கையைக் கேளுங்கோ.

கைக்காசுக்கு ஒரு நாள் சீலிங் கழற்ற வா என்று கூப்பிடுபவர்களைப் பற்றியும் சொல்லவேணும். அனுமதி இல்லாமல் வேலை செய்வது குற்றம், உங்கள் கேஸையும் பாதிக்கும். அதோடு, இப்படியான வேலைகளில் ஆய்வு அறிக்கையும் இராது, சரியான மாஸ்க்கும் இராது. கடையில் வாங்கும் சாதாரண தூசி மாஸ்க் இந்த நாரைத் தடுக்காது.

தவறுதலாக உடைந்துவிட்டால், உடனே நிறுத்தி, எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தி, பொறுப்பானவருக்குச் சொல்லுங்கோ. தும்புத்தடியால் கூட்டவேண்டாம், வீட்டு வக்கூமும் பிடிக்கவேண்டாம். இரண்டும் நாரைப் பரப்பும். உடுப்பில் தூசி பட்டிருந்தால் ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, கழற்றி, பிளாஸ்ரிக் பையில் கட்டுங்கோ. உதறவோ வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்க்கவோ கூடாது. பிறகு குளியுங்கோ. ஒருமுறை சிறிதளவு சுவாசித்ததால் நோய் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் ஜி.பி.யிடம் திகதி, இடம், என்ன நடந்தது என்று சொல்லி மருத்துவப் பதிவில் எழுதுவியுங்கோ. ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், காசு இல்லை. ஏணி பிடித்த தம்பியும் அப்படித்தான் எழுதுவித்தார். புகைப்பழக்கம் இருந்ததால், அதை விடச்சொல்லி அங்கேயே உதவிக்கும் பதிந்துவிட்டார்கள். அஸ்பெஸ்ரஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.