சிற்றெண்ணும் பொதுவிதியும்

என் தந்தையார் மண்டியில் மூட்டை தூக்குபவர். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சென்ற கோடை விடுமுறையில் அக்கடைக்கு ஒரு கூலிப் பதிவேட்டைக் கணினியில் அமைத்துக் கொடுத்தேன். ஒருவர் ஒரு நாளில் 200 மூட்டைக்கு மேல் தூக்கமாட்டார் என்று கருதி, எண்ணிக்கைக்கு ‘டைனிஇன்ட்’ என்னும் மிகச் சிறிய முழுஎண் வகையைத் தேர்ந்தெடுத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் எஸ்.க்யூ.எல். சர்வரில் சோதித்தபோது பிழை ஏதுமில்லை. கடையில் இருந்ததோ பழைய மைஎஸ்க்யூஎல். முதல் வாரக் கூலியன்று தந்தையார் துண்டுச்சீட்டைக் காட்டி, “ஏப்பா, செவ்வாக்கிழமை 135 தூக்கினேன். இதுல 127-ன்னு காட்டுதே?” என்றார்.

எட்டு மூட்டை எங்கே போயிற்று?

டைனிஇன்ட் ஒரு பைட் இடம் கொள்ளும். ஒரு பைட்டில் எட்டு பிட். ஆகவே 256 எண்களே அடங்கும். எஸ்.க்யூ.எல். சர்வர் அவற்றை 0 முதல் 255 வரை என்று கொள்கிறது. மைஎஸ்க்யூஎல்லோ, குறியற்ற எண் என்று நாம் சொல்லாவிடில், -128 முதல் 127 வரை என்று கொள்கிறது. கண்டிப்பு முறை இயங்காதபோது, மிஞ்சிய எண்ணை எல்லைக்கே குறைத்து எழுதி, ஓர் எச்சரிக்கையோடு நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை என் நிரல் படிக்கவே இல்லை. (2015-இல் வந்த 5.7 பதிப்பு முதல் கண்டிப்பு முறை இயல்பாகவே உண்டு.)

இவற்றுள் எது விதியை மீறியது? எல்லையைப் பொறுத்தவரை எதுவுமில்லை என்பதே வியப்பு! 1986-இல் வந்த முதல் எஸ்.க்யூ.எல். தரநிலையிலேயே ஸ்மால்இன்ட், இன்டீஜர் இரண்டும் உண்டு. 2003-இல் பிக்இன்ட் சேர்ந்தது. டைனிஇன்டுக்கு இன்றுவரை அதில் இடமில்லை. விதியில் இல்லாத சொல்லுக்கு அவரவர் பொருள் கொண்டனர். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அவ்வகையே கிடையாது. அட்டவணை அமைக்கும்போதே மறுத்திருக்கும். அந்த மறுப்பு எனக்கு நன்மையாக முடிந்திருக்கும்.

ஸ்மால்இன்டுக்கும் தரநிலை பைட் கணக்குச் சொல்வதில்லை. அதன் துல்லியம் இன்டீஜரை விஞ்சக்கூடாது என்பதோடு சரி. ஆயினும் மேற்சொன்ன மூன்றிலும் அது இரண்டு பைட். 32,767 வரை தாங்கும். ஆரக்கிள் அதை 38 இலக்க எண்ணாகவே ஏற்கிறது.

‘செக்’ என்னும் கட்டுப்பாட்டை எழுதியிருக்கலாமே என்று ஆசிரியர் கேட்டார். அது தரநிலையில் உள்ளதுதான். ஆனால் 2019-இல் வந்த 8.0.16-க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல் அதைப் படித்துவிட்டுச் செயற்படுத்தாமல் விட்டுவிடும்!

நான் மிச்சம்பிடித்தது என்ன? இருபது பேருக்கு 300 நாளென்றால், ஆண்டுக்கு 6,000 பைட். ஒரு சிறு புகைப்படத்திற்கும் காணாது. ஸ்மால்இன்டுக்கு மாற்றிவிட்டேன். எட்டு மூட்டைக் கூலி மறுவாரம் வந்து சேர்ந்தது. தந்தையார் துண்டுச்சீட்டை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.